பத்தில் ஒன்றும் ஒரு பிடி அரிசியும்

வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, பத்து என்னும் எண்ணிலேயே மனம் சென்று நின்றது. கிறித்தவத் திருச்சபையின் வரலாற்றில் அவ்வெண்ணுக்கு ஒரு தனி இடம் உண்டு. விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு இறைவனுக்குரியது என்னும் கொள்கையைத்தான் சொல்கிறேன். தமிழ் விவிலியம் அதற்குத் 'தசமபாகம்' என்று பெயரிட்டது. ஆறில் ஒன்று அரசனுக்கு என்று கேட்டுப் பழகிய நாட்டில், பத்தில் ஒன்று தெய்வத்துக்கு என்னும் சொல் வந்து சேர்ந்தபின் என்ன ஆயிற்று என்பதைத் திருநெல்வேலிச் சீமையை முன்வைத்து நோக்குவதே என் எண்ணம். அச்சொல் அங்கே மறைநூலிலும் மேடையிலும் வழங்கியது; அடுக்களையில் வேர் கொண்டதோ வேறொன்று.

பழைய ஏற்பாட்டிலேயே தசமபாகம் ஒரே வடிவினதாக இல்லை. போரில் மீட்ட பொருளில் பத்தில் ஒன்றை ஆபிரகாம் சாலேமின் அரசனும் குருவுமாகிய மெல்கிசேதேக்குக்கு அளித்தான். அவ்வாறு அளிக்குமாறு அவனுக்கு எவரும் கட்டளையிடவில்லை. யாக்கோபு பெத்தேலில் சொன்னது நேர்த்திக்கடன். மோசேயின் சட்டத்துக்கு வரும்போதுதான் அது கடமையாகிறது. நிலப்பங்கு பெறாத லேவியரின் பிழைப்புக்கு அது உரியது என்று எண்ணாகமம் விதிக்கிறது. உபாகமம் காட்டும் முகம் வேறு. அந்தப் பங்கைக் குடும்பத்தோடு கொண்டு சென்று இறைவன் திருமுன் உண்டு மகிழலாம். மூன்றாம் ஆண்டில் அதனை ஊர்வாசலில் சேர்த்துவைத்து, லேவியரும் வேற்று நாட்டவரும் தந்தையற்ற பிள்ளைகளும் கைம்பெண்களும் உண்ணச் செய்ய வேண்டும். வரி, விருந்து, அறம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பிற்காலத்தார் இவற்றுள் எதனைப் பற்றிக்கொண்டார்களோ, அதற்கேற்பவே அவர்கள் திருச்சபையும் அமைந்தது.

இயேசு பெருமான் தசமபாகத்தைப் பற்றிப் பேசும் இடம் கண்டனமாக அமைந்திருக்கிறது. கறிக்கு இடும் இலைகளிலும் விதைகளிலும்கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்ட பரிசேயரை அவர் அங்கே சாடுகிறார். அப்பூண்டுகளுள் ஒன்றைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஒற்தலாம்' என்கிறது. புதினாவைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் அது. கடற்கரை வழியாக வந்து மறைநூலுக்குள் குடியேறி, இன்றும் பொருள் விளங்காமலே கோயில்களில் வாசிக்கப்பட்டு வருகிறது. அடுத்து நிற்பதோ நம் வீட்டு வெந்தயம். மூலத்திலுள்ள சதகுப்பையைக் காட்டிலும் தமிழ்ப் பெண்களின் அஞ்சறைப் பெட்டியை மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

தொடக்கத் திருச்சபைக்குப் பவுல் எழுதிய மடல்களில், கொடுக்கும் கடமைக்கு அளவாகப் பத்தில் ஒன்று எங்கும் கூறப்படவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக அவர் கொரிந்து நகரத்தாரிடம் பொருள் சேர்த்தபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னார். கட்டாயத்தால் அன்றி மனமுவந்து கொடுக்கச் சொன்னார். எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் நிகழ்ச்சியோ விழுக்காட்டுக் கணக்கையே பொருளற்றதாக்கிவிடுகிறது. அவள் இட்டது பத்தில் ஒன்று அன்று, பத்தில் பத்து.

இவ்வளவு இருந்தும் ஐரோப்பாவில் தசமபாகம் வரியாகவே ஆயிற்று. 585இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம், கொடாதவரைச் சபைக்குப் புறம்பாக்கும்படி விதித்தது. 779இல் சார்லமேன் மன்னன் அதனை அரச சட்டமாக்கினான். பின்வந்த ஓராயிரம் ஆண்டு உழவரின் வெறுப்பைச் சம்பாதித்த வரலாறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் இரவில் வீழ்ந்த பழைய உரிமைகளுள் இதுவும் ஒன்று. அயர்லாந்தில் கத்தோலிக்க உழவர்கள் தாம் வழிபடாத ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்து எழுந்தனர்; 1830களில் அதற்காக உயிர்கள் மாண்டன. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியத்தைப் பணமாக மாற்றியது. 1936ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டணத்துக்கும் முடிவு கட்டியது. ஆலயத்தருகே நின்ற தசமபாகக் களஞ்சியங்கள் இன்று காட்சிப் பொருள்கள்.

நம் நாட்டுக்கு வந்த சீர்திருத்தத் திருச்சபைத் தொண்டர்கள் இந்த வரியைக் கொண்டுவரவில்லை என்பது கருதத்தக்கது. அவர்களை அனுப்பிய சங்கங்கள் அரசின் பணத்தில் பிறந்தவை அல்ல. இங்கிலாந்தின் எளிய மக்கள் வாரம் ஒரு பென்னி எனக் கொடுத்த சந்தாவாலும் வளர்ந்தவை. எனவே திருநெல்வேலிக்கு வந்த வழிமுறை சட்டத்தின் வழிமுறை அன்று, சங்கத்தின் வழிமுறை. ஆயின் அதனோடு வேறொரு சிக்கலும் வந்தது. கொடுக்கும் கை கடலுக்கு அப்பாலும், வாங்கும் கை இப்பாலும் இருந்தன.

இதற்கு விலக்காக ஒருவரை முதலிலேயே குறிப்பிட வேண்டும். தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த மராத்திய அந்தணக் கைம்பெண் ஒருவர், 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேரே. அச்சிறு கூட்டத்துக்காக அவர் முன்னின்று எழுப்பிய ஆலயம் 1785இல் திறக்கப்பட்டது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் அதனைச் சொல்லிவந்தனர். திருநெல்வேலித் திருச்சபையின் முதற் கொடையாளர் ஒரு பெண்; அதுவும் சாதியாலும் சமயத்தாலும் தள்ளப்பட்டு நின்ற பெண்.

அதன்பின் ஊர்ப்பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. சாயர்புரம் என்னும் பெயர், துன்புற்ற கிறித்தவர்கள் குடியேற உதவிய சாமுவேல் சாயர் என்னும் வணிகரின் நினைவு. டோனாவூர், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய பொருளின் நினைவு. அப்பிரபு பொதிகையைக் கண்டவர் அல்லர். அவர் பெயர் மட்டும் பனைமரங்களுக்கிடையே நிலைத்துவிட்டது. நன்றியுணர்வு தமிழர்க்குப் புதிதன்று. எனினும், ஊர் என்று ஊர்வரிசையைச் சொல்லும்போதெல்லாம் பிறர் கொடையைச் சொல்ல நேர்ந்த ஒரு மக்கள்கூட்டத்தின் மனநிலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இதனை உணர்ந்திருந்தார் என்று நான் கருதுகிறேன். பதிதிருத்தமான தமிழ் இலக்கணம் எழுதியவரும் விவிலியத்தின் தமிழ்நடையைச் செப்பனிட உழைத்தவருமான அவர், 1830இல் உள்ளூர்க் கிறித்தவர்களைக் கொண்டே 'தர்ம சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். நிலக்கிழார்களால் விரட்டப்பட்ட புதுக் கிறித்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்கித் தருவது அதன் பணி. இன்றளவும் திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் உறுப்பினர் செலுத்தும் காணிக்கைக்குச் 'சங்கம்' அல்லது 'சங்கக் காணிக்கை' என்றே பெயர். "சங்கம் கட்டியாயிற்றா?" என்று அங்கே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைக் கேட்கும் புலவர் எவரும் ஒரு கணம் மதுரையை நினைத்து மயங்குவர். அப்பெயரைப் பழைய சங்கங்களின் எச்சம் என்று கொள்வதில் தவறில்லை. வரியின் பெயரால் அன்றிக் கூட்டுறவின் பெயரால் அக்காணிக்கை அழைக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம்.

1841 முதல் 1872 வரை இலண்டனில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், மிஷன் நாட்டுத் திருச்சபைகள் தம் செலவைத் தாமே தாங்கி, தம்மைத் தாமே ஆண்டு, தாமே பரவ வேண்டும் என்று வற்புறுத்தியவர். கொள்கை நன்று. ஆயின் பனையேறியின் வீட்டில் பணம் எங்கே இருந்தது? ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே பதநீர்; அதனைக் காய்ச்சிய கருப்புக்கட்டியிலும் பெரும்பகுதி முன்கடனுக்குப் போய்விடும். மாதச் சம்பளம் என்பதே இல்லாத வீட்டில் பத்தில் ஒன்று என்று எதனைக் கணக்கிடுவது?

இதனிடையே ஒரு பழிச்சொல்லும் எழுந்திருந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் தென்னகத்தைச் சுட்டெரித்தபோது, மிஷன்கள் கஞ்சி வார்த்தன. அவ்வாண்டுகளில் பல்லாயிரவர் சபைகளை நாடிவந்தனர். அரிசிக்காக வந்த கிறித்தவர்கள் என்னும் ஏளனம் அன்றுமுதல் ஓயவில்லை. அப்பஞ்சத்தில் கொடுத்தவர்களுள் தமிழ்க் கிறித்தவரும் உண்டு என்பதைச் சொல்பவர் குறைவு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அது கண்டு மனம் நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒரு கத்தோலிக்கரின் கொடையைப் பாடியிருக்கிறார் என்றால், கொடைக்கு இந்த மண்ணில் சமய எல்லை இருந்ததில்லை. பிள்ளையவர்கள் கொடுத்ததற்குத் தசமபாகம் என்று யாரும் பெயர் வைக்கவும் இல்லை. அது வள்ளுவர் ஒப்புரவு என்றும் ஈகை என்றும் இரண்டு அதிகாரங்களில் பிரித்துரைத்த அறத்தின்பாற்பட்டது.

'அரிசிக் கிறித்தவர்' என்ற பழிக்கு விடை பேருரையாக வரவில்லை. அரிசியாகவே வந்தது. பிடியரிசி என்னும் வழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் தலைமுறைகளாக நிலைபெற்றது. வீட்டுப் பெண், உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். அங்கே விலையாகி ஊழியத்துக்கோ ஏழையின் வீட்டுக்கோ பயன்படும். இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் பிடி, மீந்த சோற்றிலிருந்து வருவதன்று. சமைக்குமுன், பசிக்குமுன் எடுக்கப்படுவது. நெல் விளையாத தேரிக்காட்டில் அரிசி விலைகொடுத்து வாங்கும் பொருள் என்பதை நினைவிற் கொண்டால், அந்தப் பிடியின் கனம் விளங்கும். பத்தில் ஒன்றைக் கணக்கிடக் கணக்குப்பிள்ளை வேண்டும். பிடிக்கு அவளவள் கையே அளவு. சிறிய கைக்குச் சிறிய பிடி.

இவ்வழக்கம் கிறித்தவர்க்கு மட்டுமே உரியதன்று. தமிழ் வீட்டின் பொதுச்சொத்து. விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வணிகர் தந்த மகமையாலும் வளர்ந்தது. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்றே ஒன்றை ஏற்படுத்தினார். நம் நாட்டின் வடகிழக்குக் கோடியில் மிசோ மலைநாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 முதல் இதே முறையில் ஒவ்வொரு வேளை உலையரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வைத்துப் பெரும்பணிகளை நடத்தி வருகின்றனர். அங்கு அது மாபெரும் திருச்சபை நிதியாக வளர்ந்துவிட்டது. நம் பக்கத்தில் அது கலயத்தோடு நின்றது. நிதியறிக்கையில் அதற்கு ஒரு வரி உண்டு. எந்த வீட்டு அம்மாள் என்ற பெயர் இல்லை. சாயரின் பெயரால் ஊர் இருக்கிறது, டோனாவின் பெயரால் ஊர் இருக்கிறது. ஒரு பிடியரிசியின் பெயரால் ஊர் எழவில்லை.

பத்தில் ஒன்றை வேறு திசையில் கடந்தவர்களும் உண்டு. எக்சிட்டர் நகரில் பல்மருத்துவராகச் செழித்திருந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், முதலில் வருமானத்தில் பத்தில் ஒன்றை ஏழைகட்குக் கொடுத்தார்; பின் நான்கில் ஒன்றாக்கினார்; கடைசியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பாக்தாத் வழியாக 1833இல் இந்தியா வந்தார். கிறித்தவன் பொருள் சேர்த்து வைத்தலே தகாது என்று வாதிடும் அவரது நூல் 1825இல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவருடைய மாணவர். அருளப்பன் செய்ததே என்னை வியக்க வைக்கிறது. குரோவ்ஸ் தர முன்வந்த சம்பளத்தையும் அவர் ஏற்கவில்லை. 1842இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்து, எவரிடமும் சம்பளம் பெறாமல் 1867இல் மறையும்வரை ஊழியம் செய்தார். வெளிநாட்டுச் சம்பளம் வாங்குபவனின் சொல்லை ஊரார் கூலிக்காரனின் சொல்லாகவே கேட்பர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் டோனாவூருக்கு வந்து, எவரிடமும் பொருள் கேட்பதில்லை என்னும் நெறியில் குழந்தைகளை வளர்த்தது பலரும் அறிந்த செய்தி. அருளப்பன் அந்நெறியில் அவர்க்கு அரை நூற்றாண்டு மூத்தவர். தமிழர் என்பதாலோ என்னவோ, அவருக்கு வாசகர் குறைவு.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவிடம்தான் இந்த இழைகள் எல்லாம் வந்து கூடுகின்றன. 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ மாணவர் தாமே ஒரு சங்கம் அமைத்து, தம் காசில் கடல்கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். ஈழத்துப் பிள்ளைகள் இராமநாதபுரக் கரைக்கு ஆள் அனுப்புகையில், நூறாண்டு பழமையுடைய திருநெல்வேலி எவருக்கும் எதுவும் அனுப்பவில்லையே என்ற நாணம் அவரைப் பற்றியது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆள், இந்தியரின் நிருவாகம் என்பதே அதன் விதி. மறு ஆண்டில் அதன் முதல் ஊழியர் சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் நாட்டின் தெலுங்குப் பகுதிக்குச் சென்றார். வாங்கிப் பழகிய கைகள் தெலுங்கு மண்ணுக்குக் கொடுக்கத் தொடங்கின.

1910இல் எடின்பரோ உலக மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை பலருக்கு உறுத்தலாயிற்று. மேலைநாட்டுத் தொண்டர்கள் தம் பொருளையும் உடலையும் ஈந்த தியாகத்தை மனமாரப் போற்றிவிட்டு, இனி எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்னும் கருத்துப்பட அவர் வேண்டினார். கொடையாளன் எதிரே நின்றுகொண்டு, நீ கொடுத்தது போதாது என்று சொல்வது எளிதன்று. பொருளன்றி வேறொன்று வேண்டும் என்று சொல்வது அதனினும் அரிது. வறியார்க்கு எல்லாம் ஈந்தும் அன்பில்லையேல் பயனில்லை என்ற பவுலின் கருத்தை, அதைப் போதித்தவர்களுக்கே அவர் திருப்பிச் சொன்னார்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. டோர்னக்கல் பேராயத்தில் அவரிடம் வந்தவர்களுள் மிகப் பலர் மாலரும் மாதிகரும் ஆகிய தாழ்த்தப்பட்ட மக்கள், நிலமற்ற கூலிகள். இவர்களிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று கருதியோர் இருந்தனர். அசரியாவின் எண்ணம் நேர்மாறானது. வறுமையைக் காட்டிக் கொடுக்கும் உரிமையை ஒருவரிடமிருந்து பறிப்பதுதான் அவருக்கு அவமதிப்பாகப் பட்டது. அறுப்பின் பண்டிகைகளில் அம்மக்கள் தானியமும் கோழியும் முட்டையும் கொண்டுவந்தனர்; பெண்கள் பிடியரிசி எடுத்துவைத்தனர். ஊர் ஊராக அவர்கள் கொடுத்ததும் சேர்ந்து எழுந்ததே 1939 ஜனவரி 6ஆம் நாள் திருநிலைப்படுத்தப்பட்ட டோர்னக்கல் பேராலயம். கோயில்வாசலில் நிற்கவும் அனுமதி பெறாதவர்கள், தாம் கொடுத்துக் கட்டிய கோயிலின் வாசல்வழியே அன்று உள்ளே நடந்தனர்.

இந்த மரபில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் கண்டவர்கள் அறிவர். முதல் தேங்காயும் முதல் முட்டையும் சந்தை விலையைப்போல் பன்மடங்கு ஏறும்போது கூட்டம் ஆரவாரிக்கும். ஏலம் எடுப்பவரின் பக்தி மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்க வேண்டும் என்ற போதனை அந்நேரம் கோயிலுக்கு வெளியே காத்திருக்கிறது. சங்கம் கட்டியவர்க்கே சபைத் தேர்தலில் வாக்கு என்பதும் தேவையான ஒழுங்குதான். அதனால் காணிக்கையின் ஓரத்தில் சந்தாவின் வாடை வீசுகிறது.

இவற்றைவிட என்னை வருத்துவது வேறு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், தனிச் சபைகளும் மேடைப் பிரசங்கிகளும் மல்கியாவின் ஓரதிகாரத்தை முன்வைத்துத் தசமபாகத்தைச் சட்டமாகப் போதிக்கத் தொடங்கினர். கொடுத்தால் பன்மடங்கு பெருகும், கொடாவிடின் சாபம் என்பது அப்போதனையின் சாரம். சம்பளம் மொத்தத்திலா, வருமான வரி போகவா என்றும் கேள்வி எழுந்து, விடையும் கூறப்படுகிறது. தசமபாகம் கொடுப்போர் எல்லாரையும் நான் குறைகூறவில்லை. தமக்குத் தாமே ஒரு நெறியாக அதனை வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட எளிய ஆசிரியர்களும் எழுத்தர்களும் பலர். மல்கியா கடிந்துகொண்டது ஊனமான பலி கொணர்ந்தோரையும், அதனை ஏற்ற குருக்களையும் சேர்த்தே. கூலிக்காரனின் கூலியையும் கைம்பெண்ணையும் தந்தையற்றவனையும் ஒடுக்குவோர்மேல் வரும் தீர்ப்பும் அதே அதிகாரத்தில் சில வரிகள் முன்னே இருக்கிறது. அவ்வரிகளை மேடையில் வாசிக்கக் கேட்பது அரிது. உபாகமத்தின் மூன்றாம் ஆண்டுப் பங்கோ அறவே மறக்கப்பட்டது. ஊர்வாசலில் குவித்து ஏழைக்குத் திறந்துவிட வேண்டிய பங்கு அது.

அசரியா தம் டோர்னக்கல் பட்டறிவைக்கொண்டு கிறித்தவக் கொடையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். 1945 ஜனவரி முதல் நாளில் அவர் மறைந்தார். 1950களில் அந்நூல் இலண்டனிலிருந்து உலகத் திருச்சபைகளுக்கென வந்த நூல்வரிசையில் மீண்டும் அச்சாயிற்று. அவ்வரிசையின் பொதுப் பதிப்பாசிரியர் ஸ்டீபன் நீல், முன்பு திருநெல்வேலியில் பேராயராக இருந்தவர். டோனா பிரபுவின் பணம் பனங்காட்டுக்கு வந்து சேர்ந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், கூலிமக்களிடம் கொடைநெறி கற்ற ஒரு தமிழரின் நூலைக் கொடுத்துப் பழகிய நாடுகள் விலை கொடுத்து வாங்கிப் படித்தன.